காசல்ரீ மீன் லயத்துச் சட்டிக்கு வருமா?

"சேத்து மீன்." "கவுச்சி அடிக்கும்." "சாக்கடையில வளர்றது." "அதையெல்லாம் யாரு திம்பா?" திலாப்பியா என்று பேச்செடுத்தால் மலையகத்தில் முதலில் வருகிற பதில்கள் இவைதான். இப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் அதே வாரத்தில் திலாப்பியாக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருப்பார்கள் என்பது வேற விசயம். சாப்பிட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடல் மீனுக்கு இருக்கிற மரியாதை எங்கள் பக்கம் குளத்து மீனுக்குக் கிடையாது. ஹட்டன் சந்தைக்கு வருகிற கடல் மீன் நூறு கிலோமீட்டருக்கு மேல் லொறியில் ஐஸ் போட்டு ஏறி வந்தது. அது எப்போ பிடிபட்டது, எத்தனை தரம் ஐஸ் மாறியது என்று யாரும் கேட்பதில்லை. கண்ணு குழி விழுந்து, செவுள் கறுத்துப் போனாலும் அது 'நல்ல மீன்'. காலையில் காசல்ரீயில் பிடித்து, பத்து மணிக்கு இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருக்கிற திலாப்பியா 'சேத்து மீன்'. இது நாக்கு சொல்கிற தீர்ப்பா, அந்தஸ்து சொல்கிற தீர்ப்பா? எங்களுக்கு இரண்டாவதில்தான் சந்தேகம்.

மண்வாடை பொய்யில்லை. தண்ணீரில் இருக்கிற சில பாசிகளும் பக்டீரியாக்களும் உண்டாக்குகிற ஒரு பொருள் மீனின் தசையில் சேர்வதால் அந்த வாடை வருகிறது. புளிப்புப் பட்டால் அது அடங்கும். உப்பும் தேசிக்காயும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தடவி அரை மணி நேரம் வைத்து, குழம்பில் கொறுக்காப்புளியோ பழப்புளியோ கொஞ்சம் தாராளமாகப் போட்டால் போதும். எங்கள் ஆச்சிமாருக்கு இது எந்த விஞ்ஞானியும் சொல்லாமலே தெரியும்.

இந்த மீனுக்குப் பேர் ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாட்டில் ஜிலேபி என்கிறார்கள் (முதல் தடவை கேட்டபோது எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை). இலங்கையில் சிலர் ஜப்பான் மீன் என்பார்கள். ஆனால் ஜப்பானுக்கும் அதன் பிறப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது ஆப்பிரிக்காவின் கிழக்கு, தென்கிழக்கு ஆறுகளில் பிறந்த மீன். மொசாம்பிக் என்ற பேர் அதன் விஞ்ஞானப் பெயரிலேயே இருக்கிறது. 1939இல் இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் முஜாயிர் என்ற ஒருவர் கடற்கரை ஓரமாக இந்த மீனைக் கண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளத்தில் வளர்த்தார். இன்றும் அங்கே அதற்கு முஜாயிர் மீன் என்றுதான் பேர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் படைகள் அந்தப் பகுதியைப் பிடித்து வைத்திருந்தபோது இந்த மீன் ஊர் ஊராகப் பரவியது. ஜப்பான் மீன் என்ற பேர் அதில் ஒட்டியதாகத்தான் இருக்க வேண்டும்.

இலங்கைக்கு அது வந்தது 1952இல். அரசாங்கமே கொண்டுவந்து குளங்களில் விட்டது. மலிவான புரதம் வேண்டும், கடற்கரையில் இருந்து தூரமாக இருக்கிற சனத்துக்கு மீன் வேண்டும் என்பதுதான் நோக்கம். பிறகு 1970களில் நைல் திலாப்பியா என்ற அதன் பெரிய சொந்தக்கார மீனும் வந்தது. இரண்டும் கலந்து இன்றைக்கு நாங்கள் பிடிப்பதில் எது எது என்று பிரிப்பதே கஷ்டம்.

1952 என்ற வருசத்தைக் கேட்டதும் மலையக வரலாறு படித்தவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். 1947 தேர்தலில் எங்கள் மக்கள் வாக்குப் போட்டு இலங்கை இந்திய காங்கிரசில் இருந்து 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பினார்கள். 1948, 1949 சட்டங்கள் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1952 தேர்தலில் அந்தப் பக்கம் ஒருவர்கூட இல்லை. அதே வருசம் சத்தியாக்கிரகம் நடந்தது. கடலுக்குத் தூரமாக இருக்கிற சனத்துக்கு மீன் கொடுக்க நினைத்த அரசு, அதே மூச்சில் கடலுக்கு ரொம்பத் தூரமாக இருந்த ஒரு சனத்தைக் கணக்கில் இருந்தே எடுத்துவிட்டது.

இங்கே ஒரு விசயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். வெளியில் இருந்து கொண்டுவந்த மீன், வெளியில் இருந்து கொண்டுவந்த சனம் என்று ஒப்பிட்டு உருகுகிற கவிதைகள் எங்களுக்குப் பிடிக்காது. அன்பாக எழுதினாலும் பிடிக்காது. அந்த ஒப்பீட்டை அன்பில்லாதவன் கையில் கொடுத்தால் 'ஆக்கிரமிப்பு இனம்' என்ற சொல்லையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்வான். மீன் மீன்தான், நாங்கள் மனுசர்கள். வெளியில் இருந்து வந்ததுதான் பிரச்சினை என்றால் தேயிலைச் செடியைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

சரி, மீனுக்கு வருவோம். 'ஆக்கிரமிப்பு' என்பது சும்மா வசை இல்லை. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சூழலியலாளர்கள் தொகுத்த பட்டியலில் மொசாம்பிக் திலாப்பியாவும் இருக்கிறது. சூழல் பற்றி அக்கறைப்படுகிற நண்பர்கள் இதை எடுத்துக் காட்டி "இந்த மீனை ஆதரிச்சா எழுதப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எங்கள் பதில் இடத்தைப் பொறுத்தது.

இலங்கையில் இயற்கையான பெரிய ஏரி கிடையாது. வடமத்தியில் இருக்கிற குளங்களும் சரி, மலையில் இருக்கிற நீர்த்தேக்கங்களும் சரி, எல்லாம் மனிதன் அணை கட்டித் தேக்கியவை. எங்கள் நாட்டு மீன்கள் பெரும்பாலும் ஓடுகிற ஆற்றுக்கும் சதுப்புக்கும் பழகியவை. நடு நீரில், ஆழத்தில், நிற்கிற தண்ணீரில் வாழ்கிற பழக்கம் அவற்றுக்குக் குறைவு. அந்த வெற்றிடத்தில்தான் திலாப்பியா போய் உட்கார்ந்தது. யாரையும் துரத்திவிட்டுப் பிடித்த இடமில்லை என்று மீன்வள ஆய்வாளர்கள் பலர் சொல்வதற்கு இதுதான் காரணம். ஆனால் அணைக்கு மேலே, சின்னச் சின்ன ஓடைகளில், இலங்கையில் மட்டுமே இருக்கிற மீன்களும் நண்டுகளும் தவளைகளும் வாழ்கிற தண்ணீரில் இதைக் கொண்டுபோய் விடுவது வேற கதை. அதை நாங்கள் எதிர்க்கிறோம். 'நல்லா வளரும்' என்று வாளியில் தூக்கிப்போய் மேலே ஓடையில் விடுகிற தம்பிமார் தயவுசெய்து அதைச் செய்யாதீங்க.

இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லத்தான் வேண்டும். 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்காக நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஓடைகளில் ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் அந்த மீன் இன்றைக்கும் இருக்கிறது. அது வேட்டையாடித் தின்கிற மீன், அதுவும் உள்ளூர் உயிர்கள் நிறைந்த ஓடையில். ஆனால் ட்ரவுட் என்றால் பாரம்பரியம், பங்களா, பழைய படங்கள். திலாப்பியா என்றால் சேறு. எந்த மீனைத் திட்டுவது என்பதிலும் வர்க்கம் இருக்கிறது.

திலாப்பியா குடும்பம் நடத்துகிற விதத்தைத் தெரிந்துகொண்டால் எங்கள் நீர்த்தேக்கங்களின் நிலைமையும் சேர்ந்தே புரியும். ஆண் மீன் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் மீன் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்து, தானாக நீந்துகிற வரைக்கும் வாயிலேயே வைத்திருக்கும். அந்த நாட்களில் அது சாப்பிடுவதே இல்லை என்று சொல்லலாம். வெளியே விட்ட பிறகும் ஆபத்து வந்தால் குஞ்சுகள் ஓடி வந்து அம்மாவின் வாய்க்குள் புகுந்துகொள்ளும். மவுசாக்கலை வற்றுகிற மாதங்களில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே வரும்போது எல்லாரும் படம் எடுக்கப் போகிறோம். அப்போது காய்ந்த சேற்றில் கவிழ்க்காத கிண்ணம் மாதிரி வட்ட வட்டமான பள்ளங்களைப் பார்த்தால், அவை அனேகமாக இந்த மீன் வெட்டிய குழிகள்.

அந்தக் குழிகள் வெயிலில் கிடப்பதுதான் பிரச்சினையும். காசல்ரீ அணை 1965இலும் மவுசாக்கலை அணை 1969இலும் கட்டி முடிந்தன. இரண்டும் மின்சாரத்துக்காகக் கட்டியவை. தண்ணீரை எப்போ திறப்பது, எவ்வளவு இறக்குவது என்பதை மின்சாரத் தேவைதான் தீர்மானிக்கிறது. மட்டம் சடாரென்று இறங்கினால் கரையோரக் குழிகள் வீணாகிவிடும். அதோடு எங்கள் நீர்த்தேக்கங்கள் செங்குத்தான பள்ளத்தாக்கில் ஆழமாக இருப்பவை. அனுராதபுரம், பொலன்னறுவைக் குளங்கள் மாதிரி பரந்து, ஆழமில்லாமல், வெயில் ஊறி இருப்பவை இல்லை. குளிரும் ஒரு தடை. இருபது பாகைக்குக் கீழே தண்ணீர் போனால் இந்த மீன் பெருகத் தயங்கும். அதனால்தான் நுவரெலியா கிரகரி வாவிக்கு இது சரிவராது, ஹட்டன், மஸ்கெலியா உயரத்தில் தட்டுத்தடுமாறி வளரும், கீழே கொத்மலை, விக்டோரியாவில் ஜோராக இருக்கும். நெருக்கடியும் சாப்பாட்டுப் பஞ்சமும் வந்தால் உள்ளங்கை அளவிலேயே முட்டை போட ஆரம்பித்து, குள்ளமாகவே நின்றுவிடும். ஆக, காசல்ரீ மீன் முழு மலையகத்துக்கும் சோறு போடும் என்று யாராவது மேடையில் பேசினால் நம்ப வேண்டாம். போடாது. கரையோரத்துத் தோட்டங்களுக்கு வாரத்தில் ஓரிரு நாள் கறி கொடுக்கும். நாங்கள் கேட்பது அந்த ஓரிரு நாளைத்தான்.

அந்த ஓரிரு நாள் ஏன் பெரிய விசயம்? 2016இல் அரசு எடுத்த குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வில் ஐந்து வயதுக்குக் கீழே வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுக்க 17.3 சதவீதம். பெருந்தோட்டத்தில் 31.7. மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். இதற்குக் காரணம் மீன் இல்லாதது மட்டும் என்று சொல்ல வரவில்லை. தண்ணீர், மலசலகூடம், கர்ப்பகாலத்தில் தாயின் உடம்பு, பிள்ளை மடுவத்தில் கிடைப்பது என்று எத்தனையோ இருக்கிறது. ஆனால் லயத்து அடுப்பில் ரொட்டி, சம்பல், சோறு, பருப்பு என்ற வட்டத்துக்குள் மிருகப் புரதம் எப்போ வருகிறது என்று யோசித்துப் பாருங்க. நூறு கிராம் திலாப்பியாவில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கிறது. 2021 மார்ச்சில்தான் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024 செப்டெம்பரில் அடிப்படை 1,350. நடுவில் 2022 வந்தது. அந்த வருசம் டின் மீன் என்பது எங்கள் கடைகளில் பார்த்துவிட்டு வருகிற பொருளாகிவிட்டது. நெத்தலிக் கருவாட்டை எண்ணிப் போட்டுக் குழம்பு வைத்த வீடுகள் எங்களுக்குத் தெரியும்.

இந்த மீனுக்கு நடந்த அரசியலையும் கொஞ்சம் பார்க்கணும். 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை அப்படியே நிறுத்தியது. குளத்தில் மீன் வளர்த்துக் கொல்வதற்கு அரசு துணை போகக்கூடாது என்ற சமய எதிர்ப்புதான் அதன் பின்னணி. குஞ்சு வளர்க்கிற நிலையங்கள் கைவிட்டுப் போயின. 1994இல் ஆட்சி மாறிய பிறகுதான் ஆதரவு திரும்ப வந்தது. 1998இல் சட்டம் வந்து, தேசிய நீர்வாழ் உயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகார சபை, சுருக்கமாக நெக்டா, உருவானது. ஜீவகாருண்யத்தை நாங்கள் கேலி செய்யவில்லை. எங்கள் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை மீன் சட்டி ஏறாது. ஆனால் கடலில் பிடிப்பதற்கு எந்தத் தடையும் இல்லாமல், குளத்தில் பிடிக்கிறவனுக்கு மட்டும் பாவம் கணக்குப் பார்த்தது யாருடைய சட்டியைக் காலியாக்கியது என்று கேட்கலாமில்லையா?

இப்போது குஞ்சு விடுகிறார்கள். அதிகாரிகள் வருகிறார்கள், அரசியல்வாதி வருகிறார், பொலித்தீன் பையை அவிழ்த்து நீர்த்தேக்கத்தில் ஊற்றுகிறார்கள், படம் வருகிறது. நல்ல விசயம்தான். வளர்ந்த பிறகு அந்த மீனைப் பிடிக்கிற உரிமை யாருக்கு என்பதில்தான் எங்கள் கேள்வி. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்நாட்டு நீர்நிலையில் தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். வேண்டியதுதான், கண் சின்ன வலையைப் போட்டுக் குஞ்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போகிறவனைத் தடுக்க வேறு வழி இல்லை. ஆனால் எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி அனுமதி பற்றிக் கேட்கப் போனபோது, ஒரு அலுவலகத்தில் "தோட்டத்து ஆளுங்களுக்கு இது தொழில் இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். தண்ணீரில் இருந்து முந்நூறு மீட்டர் தள்ளிப் பிறந்து வளர்ந்தவன் அவன். அவனுடைய தாத்தா கொழுந்து மலையாக இருந்த இடத்தின் மேல்தான் அந்தத் தண்ணீரே நிற்கிறது.

காசல்ரீயும் மவுசாக்கலையும் நிரம்பிய காலத்தைப் பார்த்தால் இது இன்னும் உறைக்கும். 1964 ஒக்டோபரில் சிறிமா, சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று தலைகளைப் பங்கு போட்டார்கள். அணைச் சுவர் உயர்ந்தபோது சுற்றியிருந்த லயங்களில் யார் இருப்பது, யார் போவது என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாடற்றவர்களிடம் 'இந்தத் தண்ணீரில் உங்களுக்கு என்ன வேணும்' என்று யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? தண்ணீர் மின்சார சபைக்கு, கரை கம்பனிக்கு, பார்வை சுற்றுலாப் பயணிக்கு என்று பிரிந்துவிட்டது. இப்போது காசல்ரீக் கரையில் சொகுசு பங்களாக்கள் இருக்கின்றன. தண்ணீரில் விமானமே வந்து இறங்கியிருக்கிறது. தோட்டத்துப் பையன் தூண்டிலோடு இறங்கினால்தான் வாட்ச்சருக்குச் சட்டம் ஞாபகம் வருகிறது.

எங்களுக்கு வேண்டியது தானம் இல்லை. கரையோரத் தோட்டங்களில் இருக்கிறவர்கள், காணி உறுதி இல்லாவிட்டாலும், லயத்து முகவரியோடு மீனவர் சங்கத்தில் சேர முடியணும். பிடிக்கிற மீனில் ஒரு பங்கு முதலில் அந்தத் தோட்டங்களிலேயே விற்கப்படணும், மிச்சம் ஹட்டனுக்குப் போகட்டும். தெப்பத்தில் போகிறவனுக்கு உயிர்காப்பு அங்கி கட்டாயம் வேண்டும். நீர்த்தேக்கத்தில் மூழ்கிப் போன பிள்ளைகளின் கதை இல்லாத டிவிசன் எங்கள் பக்கம் குறைவு. பாடசாலைச் சாப்பாட்டில் வாரத்தில் ஒரு நாள் இந்த மீன் வரலாம். முள் பயம் என்றால் காய வைத்து இடித்துச் சம்பலாகக் கொடுக்கலாம், பிள்ளைகள் தட்டை நக்குவார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு மீனை விற்கக்கூடாது. பொகவந்தலாவையில் இருந்து நோர்வூட் வழியாகக் காசல்ரீக்கு வருகிற கெஹெல்கமு ஓயாவில் சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வு சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிப் பக்கம் கொட்டுகிற பிளாஸ்டிக் மவுசாக்கலைக்கு வருகிறது. தேயிலை மலைகளில் அடிக்கிற மருந்து மழையோடு ஓடைக்குத்தான் போகும். கிளைபொசேட்டை 2015இல் தடை செய்து 2018இல் தேயிலைக்கு மறுபடி அனுமதித்தார்கள், அதற்கு நடுவில் வேற வேற மருந்துகள் வந்தன. நகரக் கானும் லயத்துக் கானும் எங்கே முடிகின்றன என்று எல்லாருக்கும் தெரியும். 'சாக்கடை மீன்' என்று மீனைத் திட்டுகிறவர்கள், சாக்கடையை யார் தண்ணீருக்குள் விட்டது என்று கேட்க வேண்டும். மீனையும் தண்ணீரையும் ஒழுங்காகப் பரிசோதித்து முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கரையோரத்தில் ஒட்டி வைப்பது பெரிய செலவில்லை. குடிக்கிற தண்ணீரும் அதே தண்ணீர்தானே.

கடைசியாக ஒரு வீட்டு விசயம். இந்தக் கட்டுரையை எழுதுமுன் எங்களுக்குள் பேசியபோது பையன்கள் எல்லாம் தூண்டில், வலை, சங்கம், அனுமதி என்று கதைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு அக்கா இடையில் கேட்டா: "பிடிச்சிட்டு வர்ற மீனை யாருடா கழுவுறது?" திலாப்பியாவின் செதில் தடிப்பு, முதுகு முள் ஊசி மாதிரி. காலையில் இருந்து கொழுந்து பறித்து வெடித்துப்போன விரலோடு, நாலரை மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து, பீலிக்கரை வரிசையில் நின்று தண்ணீர் பிடித்து, இருட்டில் இரண்டு கிலோ மீன் ஆய வேண்டியது அம்மாதான். அந்த நேரத்தில் அவங்களுக்கு டின் மீன் ஏன் பிடிக்குதுன்னு புரிஞ்சுக்க பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அதனால் கரையிலேயே செதில் தட்டி, குடல் எடுத்து, கழுவித்தான் மீன் லயத்துக்கு வர வேண்டும் என்று எங்களுக்குள் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம். கத்தி பிடிக்கத் தெரியாத தம்பிமாருக்கு அக்காவே சொல்லிக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டா. முதல் பாடம்: முதுகு முள்ளை வாலில் இருந்து தலைப்பக்கம் தடவக்கூடாது.